வாசலில் வேப்பிலை

கொள்ளி வைத்தவனுக்குத்தான் காணி. தாமல் ஊரில் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அண்ணன் கலியாணசுந்தரம் பம்புசெட்டில் கரண்ட் அடித்துச் செத்தபோது கொள்ளி வைத்தவன் பரசுராமன். அண்ணி அதற்கு இரண்டு வருஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மிச்சம் இருந்தது கிணற்றோடு இரண்டு ஏக்கர் நஞ்சை, பதின்மூன்று வயது அம்சா, ஐந்து வயது சம்பூர்ணம். ஆனால் சட்டம் மாறிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, நிலம் பொட்டைப் பிள்ளைகள் பேருக்குப் போய்விட்டது. சட்டம் மாறினால் மனுஷனும் கூடவே மாறிவிடுவானா என்ன?

பிள்ளைகளைக் காரியம் முடிந்த கையோடு காஞ்சிபுரத்துக்குக் கூட்டி வந்தவள் லோகாம்பாள், செத்துப்போன தாயின் தங்கை. புருஷனும் இல்லை, பெற்றதும் இல்லை. பிள்ளையார்பாளையத்தில் ஒற்றை அறை வீட்டில் இருந்துகொண்டு அக்கம்பக்கத்துத் தறிகளுக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தாள். தன்னைக் கார்டியனாகப் போடும்படி செங்கல்பட்டு கோர்ட்டில் மனுப் போட்டிருந்தாள். விசாரணைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் வக்கீல் குமாஸ்தா குமாரசாமி வேர்க்க விறுவிறுக்க சைக்கிளில் வந்து இறங்கினார்.

"நாளைக்கு பரசுராமன் வந்து பெரிய பொண்ண இட்டுக்கினு போவப் போறான்மா. வெள்ளிக்கெழம காலைல தாமல் கோயில்ல கல்யாணம். மாப்பிள்ள அவன் பொண்டாட்டி தம்பி முருகேசன்."

"அவனுக்கு முப்பது வயசு ஆவுதே."

"வயசு கெடக்குது. தாலி ஏறிடுச்சின்னா புருஷன்தான் கார்டியன். வெள்ளைக்காரன் ஆயிரத்தெண்ணூத்தித் தொண்ணூறுல எழுதி வெச்ச சட்டம், இன்னும் அதான் ஓடிக்கினு இருக்குது. கட்டிக் குடுத்த பொண்ணுக்கு வேற ஆளப் போட ஜட்ஜுக்கே அதிகாரம் கெடையாது."

"சின்னப் பொண்ணுக்குக் கட்டறது குத்தம் இல்லியா?"

"குத்தம்தான். தண்டனை குடுப்பாங்க. ஆனா கட்டின தாலி கட்டினதுதான். போலீசுல எழுதிக் குடுத்தா அவங்க சாவகாசமா சனிக்கெழம வருவாங்க." குமாரசாமி சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போனார்.

லோகாம்பாள் விரல்விட்டு நாள் எண்ணினாள். தகப்பன் செத்த வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் கல்யாணம் நடத்திவிட வேண்டும், தவறினால் மூன்று வருஷம் பொறுக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தலைத்திவசம் அடுத்த புதன்கிழமை. அதற்குள் இருந்த முகூர்த்தம் வெள்ளிக்கிழமை ஒன்றுதான். அந்த ஒரு காலைப்பொழுது தாண்டிவிட்டால் பரசுராமனின் கையை அவன் வழக்கமே கட்டிப்போட்டுவிடும்.

வியாழக்கிழமை காலையில் அவள் தெருமுனை மரத்தில் ஒரு கிளையை ஒடித்து வந்து நிலைப்படியில் வேப்பிலைக் கொத்தைச் செருகினாள். அது நல்ல வெயில் காலம், ஊரில் அங்கங்கே அம்மை போட்டிருந்தது. பார்த்தவர்கள் யாரும் சந்தேகப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுற்றக் கொடுத்திருந்த நூலைக்கூடத் திருப்பிக் கேட்காமல் தள்ளிப் போனார்.

"யாருக்கு சின்னம்மா?" என்று அம்சா கேட்டாள்.

"யாருக்கும் இல்ல."

அம்சா கேட்டுக்கொண்டே நின்றாள். லோகாம்பாள் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அம்சா பாயை விரித்து, மிச்சமிருந்த வேப்பிலையைப் பரப்பி, விளையாடிக்கொண்டிருந்த தங்கச்சியைத் தூக்கிவந்து அதன் மேல் படுக்க வைத்தாள்.

லோகாம்பாள் செய்தது விளையாட்டுக் காரியமில்லை. இல்லாத அம்மாவை வந்திருக்கிறாள் என்று சொல்வது எப்பேர்ப்பட்ட பாவம் என்று அவளுக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் பரசுராமனின் ஒரே மகன் கலியன் நாலு வயதில் அம்மை போட்டுத்தான் செத்தான். போகுமுன் இரண்டு கண்ணும் வெளுத்துவிட்டன. இப்போது அவன் பெண்டாட்டி அங்கம்மாள் ஏழு மாசம். எந்த இடத்தில் அடித்தால் அவன் நிற்பான் என்று பார்த்துத்தான் லோகாம்பாள் அடித்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு வாடகைக் கார் வந்து நின்றது. பரசுராமன், முருகேசன், கூட இரண்டு பேர். முன்னால் வந்த பரசுராமன் வேப்பிலையைப் பார்த்தான். அப்படியே நாலு எட்டு பின்னால் போய், தெருவிலேயே செருப்பைக் கழற்றிவிட்டான்.

"யாருக்கும்மா?"

"சின்னதுக்கு. நேத்துலேர்ந்து முத்து போட்டிருக்குது மாமா."

"பெரியவள அனுப்பு. திவசத்துக்கு முன்னாடி வூட்டுல கும்பிட வேண்டியது இருக்குது."

"அம்மா இருக்கிற வூட்டுலேர்ந்து போயி, வாயும் வயிறுமா இருக்கிறவ வாசல்ல அவ காலு வைக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

பரசுராமன் காரின் பக்கம் திரும்பினான். முருகேசனுக்கு மட்டும் கோபம் வந்தது. அவன் ரைஸ்மில்லில் வேலை பார்ப்பவன், நாலு எழுத்து படித்தவன். சட்டைக் கையைச் சுருட்டித் தோளில் இருந்த தழும்பைக் காட்டினான்.

"நான் அம்மை குத்திக்கினவன். எனக்கு ஒண்ணும் வராது. இவ வேஷம் போடறா மாமா. உள்ள போயி நான் பாத்துட்டு வரேன்."

படியில் ஒரு காலை வைத்துவிட்டான். லோகாம்பாள் குறுக்கே நின்றாள், ஆனால் அவன் தோளுக்குக்கூட அவள் உயரம் காணாது. உள்ளே இருப்பதோ ஒரு முத்துகூட இல்லாத பிள்ளை. இன்னொரு எட்டு வைத்தால் எல்லாம் முடிந்தது.

அப்போது உள்ளிருந்து சம்பூர்ணம் வீறிட்டு அழுதாள். அம்சா அவள் கையை நறுக்கென்று கிள்ளியிருந்தாள். ஒரு தடவை கிள்ளியதோடு விடவும் இல்லை. காரணம் தெரியாத பிள்ளை மூச்சு முட்ட அழுதது.

பரசுராமன் ஓடிவந்து முருகேசனின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். பொத்தான் தெறித்தது.

"உள்ள போனா போ. ஆனா திரும்பி என் வூட்டுக்கு வராத. உங்க அக்கா மொகத்துல முழிக்காத."

"நாளைக்கு முகூர்த்தம் மாமா."

"கேக்குதாடா அந்த அழுக? என் புள்ள இப்பிடித்தான்டா அழுதான்."

அவன் முகம் கோணிக்கொண்டது. அழுகை ஓயும் வரை தெருவில் வெறுங்காலோடு நின்றிருந்துவிட்டுப் பிறகுதான் காரில் ஏறினான். வெள்ளிக்கிழமை முகூர்த்தம் வந்தது, போனது.

மூன்று வாரமும் லோகாம்பாள் அம்மை வீட்டு முறை ஒன்றையும் விடவில்லை. தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை, தலை வாரவில்லை. ஊருக்காக மட்டுமில்லை, பயத்தினால். தினமும் விடிந்ததும் முதல் வேலையாக இரண்டு பிள்ளைகளின் முதுகையும் வயிற்றையும் தடவிப் பார்ப்பாள். "பொய் சொன்னவ நான். கணக்கு கேக்கறதா இருந்தா என்னைக் கேளு தாயே" என்று சொல்லிச் சொல்லியே அம்மை இறங்கினால் பிள்ளைக்கு ஊற்றும் மூன்று தண்ணீரும் ஊற்றினாள். பிள்ளைகளுக்கு ஒரு கொப்புளம்கூட வரவில்லை.

செங்கல்பட்டில் ஜட்ஜ் அம்சாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். யாரிடம் இருக்க விருப்பம் என்றதற்கு அவள் தயங்காமல் சின்னம்மாவைச் சொன்னாள். மத்தியானத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. பிள்ளைகளுக்கும் நிலத்துக்கும் லோகாம்பாளே கார்டியன். கோர்ட்டைக் கேட்காமல் ஒரு சாண் நிலத்தை யாரும் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது.

வெளியே வந்தபோது புளியமரத்து நிழலில் பரசுராமன் நின்றிருந்தான். தாடி மண்டியிருந்தது, இடுப்பில் மஞ்சள் வேட்டி. லோகாம்பாள் அம்சாவின் கையைப் பிடித்துக்கொண்டு சண்டைக்குத் தயாரானாள். அவன் பக்கத்தில் வரவில்லை. அம்மை வீட்டுக்காரி என்று பத்தடி தள்ளியே நின்றான்.

"சின்னதுக்கு எறங்கிடுச்சா?"

"எறங்கிடுச்சு மாமா."

"மூணு தண்ணியும் ஊத்தினியா?"

"ஊத்திட்டேன்."

"கண்ணு?"

"கண்ணு நல்லா இருக்குது."

அவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. துண்டை எடுத்துவிட்டு, "அப்பீலு போவத்தான் போறேன். அது வேற" என்றான். "அன்னிக்கி காருல போறப்ப வேண்டிக்கினேன். கொழந்த பொழைச்சா ஆடில தீச்சட்டி எடுக்கறேன்னு. அவளை இட்டுக்கினு வா. நான் எடுக்கறப்ப அவ எதிர்ல நிக்கணும்."

அவன் மட்டும் முழுசாகக் கெட்டவனாக இருந்திருந்தால் லோகாம்பாள் அன்றைக்குத் தோற்றிருப்பாள். அது அவளுக்கு அந்த மர நிழலில்தான் புரிந்தது. அவனுக்கு எங்கே ஈரம் இருந்ததோ அங்கேதான் அவள் கத்தியை வைத்தாள். உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தாள். சொன்னால் அவன் நெருப்பு சுமக்க வேண்டாம். ஆனால் சொன்னால் மேல் கோர்ட்டில் அவள் பொய்க்காரி, பிள்ளைகள் இரண்டும் அவன் கையில். அம்சா அவள் விரலை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

லோகாம்பாள் கையை விடுவித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே புழுதியில் விழுந்து அவனைக் கும்பிட்டாள்.

கேஸ் ஜெயித்தவள் ஆசீர்வாதம் கேட்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். பத்தடி தள்ளி நின்றபடியே கையை உயர்த்தி, "நல்லா இரும்மா" என்றான்.