அடுத்த முறைக்கு

ஒரு படம் எடுத்தால் உடனே நோட்டில் எழுதிவிடுவேன். எத்தனை மணி, வெளிச்சம் எந்தப் பக்கம், ஷட்டர் எவ்வளவு, என்ன தப்பு. கடைசிக் கட்டம் ‘அடுத்த முறைக்கு’. எட்டு மாதமாக இந்தப் பழக்கம். என் படங்கள் கொஞ்சமாவது தேறியது அதனால்தான்.

அந்த நோட்டை மங்களாம்பிகை அக்காவின் வயல் வரப்பிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். பாதி வழியில் ஞாபகம் வந்து, ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு பறந்து வந்தேன்.

நடவுப் பெண்கள் வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஷோபனா அக்கா கையில் என் நோட்டு.

“வாடி செம்மொழி, உன்னத்தான் படிச்சிக்கிட்டு இருக்கோம். ‘படம் பதினேழு. ஏழு முதுகு. வேஸ்ட்.’ ஏண்டி, எங்க முதுகு வேஸ்ட்டா?”

“அந்த முதுகு வளையலன்னா நீ சோறு திங்க முடியாதுடி!” என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த பக்கத்தில் இருந்தது எனக்குத் தெரியும்.

“அக்கா, குடுங்கக்கா, ப்ளீஸ்.”

“இரு, இரு. ‘படம் இருபத்திரண்டு. முகம் சூப்பர். இதைத்தான் போட்டிக்கு அனுப்பணும்.’”

நடுகிறவர்கள் பின்பக்கமாகவே நகர்ந்து போவார்கள். நட்ட இடத்தில் கால் வைக்க மாட்டார்கள். எனக்கு முகம் பக்கத்தில் வேண்டியிருந்தது. அன்று காலை, நட்ட பக்கமாகவே நாலு அடி நடந்து வரச் சொல்லிக் கெஞ்சினேன். மிதிபட்டதை நானே நட்டுத் தருகிறேன் என்றேன். அவர் குத்தகைக்கு எடுத்த வயல், இருந்தும் மங்களாம்பிகை அக்கா முதல் ஆளாக நடந்து வந்தார்.

ஷோபனா அக்காவின் குரல் இறங்கியது. “‘மிதிபட்ட நாத்து தெரியுது, படத்தைக் கீழே வெட்டணும். அடுத்த முறைக்கு: நட்டுத் தர்றேன்னு சொன்னா வர்றாங்க.’”

எல்லோரும் வயல் பக்கம் திரும்பினார்கள். அப்போதுதான் பார்த்தேன், மங்களாம்பிகை அக்கா டீ குடிக்க வரவில்லை. வயலுக்குள் குனிந்து, சாய்ந்து கிடந்த நாற்றைப் பிடுங்கிப் பிடுங்கித் திரும்ப நட்டுக்கொண்டிருந்தார்.

ஷூவைக் கழற்றிவிட்டு ஒரு காலைச் சேற்றில் வைத்தேன்.

“எறங்காத,” என்றார் நிமிராமல். “நீ மிதிக்கிற எடத்தையும் சேத்து நாந்தான் நடணும்.”

காலை எடுத்தேன். அந்தக் குழியில் தண்ணீர் ஏறி நிறைந்தது.

அவர் நட்டு முடித்து, வாய்க்காலில் கை கழுவிக்கொண்டு வந்தார்.

“எம் மூஞ்சி நல்லா வந்திருக்கா?”

“ரொம்ப நல்லா வந்திருக்குக்கா.”

“அப்ப அத அனுப்பாத.”

“அழிச்சிடவாக்கா?”

“அத ஏன் எங்கிட்ட கேக்குற? அனுப்பாதன்னேன், அவ்வளவுதான்.” ஷோபனா அக்காவிடமிருந்து நோட்டை வாங்கி என் கையில் வைத்துவிட்டு, டீத் தம்ளரை எடுத்துக்கொண்டார். டீ ஆறிப்போயிருந்தது.

போட்டிக்கு அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. நான் எதையும் அனுப்பவில்லை. நோட்டில் அந்த ‘அடுத்த முறைக்கு’ வரியை அடித்துவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன். அதுவும் மிதிபட்ட நாற்று தெரியாமல் கீழே வெட்டுகிற வேலைதான் என்று தோன்றியது. மூடிவிட்டேன்.