வட்டலப்பத்தில் உப்பு

எங்கள் கணக்கியல் வகுப்பில் என்னை எல்லோரும் 'திகன' என்றுதான் கூப்பிடுவார்கள். திகனையிலிருந்து கண்டிக்கு வந்து படிக்கும் ஒரே ஆள் நான் என்பது ஒரு காரணம். அந்த மாலை வகுப்பில் நான்கு மாதமாக, பெயரைச் சொல்லக்கூட, நான் வாய் திறக்கவில்லை என்பது இன்னொரு காரணம். எனக்கு விடை தெரியும். ஆனால் அதை மூன்றாம் முறை சரிபார்ப்பதற்குள் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்.

வகுப்பில் எல்லோரும் சேர்ந்து ஒரு இஃப்தார் வைப்பது என்று முடிவானது. "வட்டலப்பம் யாரு?" என்று எங்கள் ஆசிரியர் ரஸீன் சேர் கேட்டார். "நான் கொண்டு வாரன்" என்று ஒரு குரல் கேட்டது. அது என்னுடைய குரல் என்பது எனக்கே சற்றுப் பிந்தித்தான் தெரிந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். அக்குறணை அபீபா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் வீட்டார் முட்டையும் கருப்பட்டியும் கலந்த இந்த இனிப்பைக் கலியாணங்களுக்கு அவித்துக் கொடுப்பவர்கள்.

"அல்லாஹ், திகன பேசுது!" என்றாள். "நல்லா ஈக்கோணும் புள்ள. இல்லாட்டி நான் சும்மா உட மாட்டன்."

இந்த வட்டலப்பம் பிழையாகிப்போனால் இனி அந்த வகுப்பில் நான் வாயே திறக்கமாட்டேன். இது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நிச்சயமாக எனக்குத் தெரியும் விடயங்கள் மிகக் குறைவு.

இஃப்தார் சனிக்கிழமை. வட்டலப்பத்தை முந்திய நாளே அவித்துக் குளிரவைத்தால்தான் கருப்பட்டி ஊறி ருசி பிடிக்கும். ஆகவே வெள்ளிக்கிழமை பிற்பகல் எல்லாச் சாமான்களையும் மேசையின் இடது பக்கத்தில் வரிசையாக வைத்தேன். முட்டை, கித்துள் கருப்பட்டி, தேங்காய்ப்பால், ஏலக்காய், சாதிக்காய், முந்திரிக் கஜு, உப்பு. ஒன்றைப் போட்டதும் அதன் பாத்திரத்தை வலது பக்கம் நகர்த்த வேண்டும். இடது பக்கம் காலியானால் வேலை முடிந்தது. இந்த முறையில் பிழை வர வழியே இல்லை.

கலவையை வடித்து, கேக் ட்ரேயில் ஊற்றி, ருசி பார்ப்பதற்கென்று ஒரு சிறிய கிண்ணத்திலும் ஊற்றி, இரண்டையும் ஆவியில் வைத்துவிட்டுத் திரும்பினேன். மேசை முழுவதும் காலியாக இருந்தது. இடதும் இல்லை, வலதும் இல்லை. உம்மா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாமான் எல்லாம் எங்க உம்மா?"

"எடுத்து வெச்சிட்டன். என்ன மகள், பேயறஞ்ச மாதிரி நிக்கிறாய்?"

"உப்புப் பாத்திரம் எந்தப் பக்கம் ஈந்தது?"

"மேசையில ஈந்தது."

வாசம் பார்ப்பதில் நோன்புக்கு ஒரு குறையும் இல்லை. மூடியைத் திறந்து முகர்ந்தேன். ஏலக்காய் இருந்தது, சாதிக்காய் இருந்தது. உப்புக்கு மட்டும் வாசம் கிடையாது. உப்பில்லாத வட்டலப்பம் வெறும் இனிப்பு, தொண்டையில் திகட்டும். போட்டதை மறந்து இரண்டாம் முறையும் போட்டிருந்தால் அது இன்னொரு விதமான நாசம்.

"நாக்கு நுனியில வெச்சிட்டுத் துப்பலாமாம், தேவைக்கின்டா குத்தமில்லயாம்" என்றேன்.

"மத்தவங்களுக்குச் சரி. நீ துப்பினனா முழுங்கினனா என்டு மஃரிபு வரைக்கும் என்னப் போட்டு அரிப்பாய். வேணாம்."

நியாயம்தான். கிண்ணம் வெந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். பாலம்மா அக்காவுக்கு நோன்பு இல்லை.

"வாங்க ருஷ்தா, என்னா வாசம்! என்னது, வட்டலப்பமா?" கரண்டியை வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். "ஐயையோ, இன்னைக்கு வெள்ளிக்கிழமையில்ல! முட்டை தொடமாட்டேனே. நாளைக்குக் கொண்டாங்க, கிண்ணத்தையும் சேத்துத் தின்னுடுறேன்."

கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ப்ரிட்ஜில் வைத்தேன். நோன்பு திறந்து தொழுததும் முதல் வேலையாக அதைச் சாப்பிட்டுப் பார்ப்பது என் திட்டம். நோன்பு திறந்து, மஃரிபு தொழுதுவிட்டு வந்து பார்த்தால் கிண்ணம் கழுவும் தொட்டியில் கிடந்தது. பக்கத்தில் என் அண்ணன், பவாஸ் நானா, வாயைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"எப்பிடி ஈந்திச்சி?" என்றேன், அழாத குறையாக.

"நல்லா ஈக்கி."

என் நானாவுக்கு எல்லாமே நல்லா ஈக்கி. கருகிய ரொட்டியும் நல்லா ஈக்கி, மழையும் நல்லா ஈக்கி.

"உப்பு?"

"என்ன உப்பு?"

ட்ரேயில் ஓர் ஓரத்தைக் கிள்ளிப் பார்க்கலாம். ஆனால் கிள்ளிய வட்டலப்பத்தை அபீபாவின் முன்னால் எப்படிக் கொண்டுபோய் வைப்பது? வேறு வழியில்லாமல், தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து வந்த நானாவிடம் இன்னொரு முறைக்கு வேண்டிய சாமான்களை வாங்கிவரச் சொன்னேன். சனிக்கிழமை சுபஹு தொழுகைக்குப் பிறகு மறுபடியும் அடுப்படிக்குள் போனேன். இம்முறை உம்மாவைக் கதிரையில் உட்கார வைத்தேன்.

"பாருங்க உம்மா. போடுறன். பாத்தீங்களா?"

"பாத்தன்."

"எத்தின தரம் போட்டன்?"

"ஒரு தரம். ஒரு சிட்டிக உப்புக்கு என்னக் கோட்டுக்குச் சாட்சி சொல்லக் கூப்பிடுற மாதிரி ஈக்கி."

இரண்டாவதும் அதே மாதிரி ட்ரே, மேலே அதே மாதிரிக் கஜு, அதே ஃபொயில் மூடி. பழையது கீழ்த்தட்டில் இருந்தது, புதியதை மேல்தட்டில் வைத்தேன். பின்னேரம் நானா என்னைத் தன் த்ரீவீலில் கண்டிக்குக் கூட்டிப்போக வந்தார். "மேல்தட்டில ஈக்கிறத எடுத்துப் பெட்டியில வைங்க" என்று சொல்லிவிட்டு உடுப்பு மாற்றப் போனேன்.

குண்டசாலையில் வகுப்புத் தோழி சிந்துஜா ஏறிக்கொண்டாள். அவள்தான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். "என்னங்க இது, இந்தக் கனம் கனக்குது?" என்று கேட்டாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

வகுப்பறையில் பெட்டியைத் திறந்தபோது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ட்ரே இருந்தன. கீழே தெருவில் இன்னும் நின்ற நானாவிடம் ஓடினேன்.

"நானா! எது மேல்தட்டில ஈந்தது?"

"ரெண்டும் ப்ரிட்ஜில ஈந்தது. ஒன்ட வெச்சிட்டு வந்தா பாவமே."

நான் படியேறி வருவதற்குள் சிந்துஜா ஃபொயிலைக் கழற்றி, ஒன்றை ஜன்னல் பக்கமும் மற்றதைக் கதவுப் பக்கமும் வைத்திருந்தாள். "திகன ரெண்டு கொண்டாந்திருக்காங்க!" என்று அறிவித்தும்விட்டாள். "சீக்கிரம் பாங்கு சொல்லச் சொல்லுங்க. நானும் மத்தியானம் சாப்பிடல, எனக்கும் பாதி நோன்பு."

பாங்கு சொன்னது. பேரீச்சம்பழம், கஞ்சி, சமோசா எல்லாம் என் தொண்டைக்குள் போயின. எதற்கும் ருசி இல்லை. நான் அபீபாவின் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னல் பக்கத்து ட்ரேயில் ஒரு வாய் எடுத்தாள். எழுந்து போய்க் கதவுப் பக்கத்தில் ஒரு வாய் எடுத்தாள்.

"ஜன்னல் பக்கம்" என்றாள் கடைசியில். "அது வட்டலப்பம். எங்கட வீட்டுலயும் இப்பிடித்தான் வரும். இதுவும் பரவாயில்ல."

"என்னங்க சொல்றீங்க?" சிந்துஜா தட்டோடு எழுந்துவிட்டாள். "கதவுப் பக்கம் இருக்கிறதுதான் அருமை. நாக்குல வச்சா அப்படியே கரையுது!"

"ஒங்கட நாக்குக்கு என்ன தெரியும்? நாங்க தலமுற தலமுறயா அவிக்கிறவங்க."

"நாங்க தலமுற தலமுறயா சாப்பிடுறவங்க!"

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஒவ்வொருவரும் உறுதிப்படுத்திக்கொள்ள மறுபடி ஒரு துண்டு வெட்டினார்கள். ரஸீன் சேர் இரு பக்கமும் போய் வந்து, "ரெண்டு பக்கமும் சமப்பட்டாத்தான் கணக்கு சரி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மூன்றாம் துண்டு எடுத்தார்.

"செஞ்ச ஆளிட்டயே கேப்போம்" என்றாள் அபீபா. "புள்ள, ஒங்கட பேர் என்ன?"

"ருஷ்தா."

"ருஷ்தா, உண்மையச் சொல்லுங்க. ஜன்னல் பக்கத்துக்கு என்ன கூடப் போட்டீங்க?"

அப்போதுதான் நான் இரண்டிலும் ஒவ்வொரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டேன். ஜன்னல் பக்கத்தில் உப்பு சரியாக இருந்தது. கதவுப் பக்கத்திலும் உப்பு சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமையும் நான் உப்புப் போட்டிருக்கிறேன், ஒரே ஒரு தரம். இரண்டுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசமும் இல்லை.

இருபது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது ரகசியம்" என்றேன்.

"பாத்தீங்களா, நான் சொன்னனே!" என்றாள் அபீபா. "பெருநாளைக்கு முந்தி எங்கட வீட்டுக்கு வந்து காட்டித் தரோணும் ருஷ்தா." கதவுப் பக்கத்தின் முறையைத் தனக்கு மட்டும் சொல்லித் தரும்படி சிந்துஜா மறுபக்கத்திலிருந்து என் கையை இழுத்தாள். இருவருக்கும் தலையாட்டினேன். பிறகு, ஒருவேளை நான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று இன்னொரு கரண்டிக்குப் போனபோது இரண்டு ட்ரேயும் காலி.

வீடு திரும்பும்போது நானா கேட்டார், "எப்பிடியாம் வட்டலப்பம்?"

"நல்லா ஈக்கியாம்."

"நான்தான் நேத்தே சொன்னனே" என்றார் நானா.