கண்ணாடிக்காரர் துடைப்பம் எடுத்த நாள்

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் கண்ணாடிக்காரர் துடைப்பத்தைக் கையில் எடுத்தது ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையும், உலகத்தில் எத்தனையோ வீடு இருக்க, யாரும் உள்ளே போகக் கூடாது என்று டேப் ஒட்டியிருந்த வீட்டைத் தேடிப் போய்ப் பெருக்கினார். வீடு அவருடையதுதான் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அவர் கண்ணாடிக்காரர். பத்து வருஷம் காத்திருந்து பிறந்த எட்டு மாதப் பெண்ணுக்கு வீட்டில் சில்வண்டு என்று பெயர். அது கத்துவதை ஒரு தடவை கேட்டவர்கள் காரணம் கேட்க மாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி தூக்கத்தில் தள்ளாடுவதைப் பார்த்து இவருக்கு மனசு இளகிவிட்டது. "நீ போய்ப் படு. பால்புட்டி எல்லாம் நான் கொதிக்க வைக்கிறேன்" என்றார். அவளும் நம்பிப் படுத்தாள். இவர் புட்டிகளைப் பாத்திரத்தில் போட்டு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, அஞ்சே நிமிஷம் என்று சோபாவில் சாய்ந்தார்.

தண்ணீர் வற்றியது. புட்டிகள் உருகிப் பற்றின. பக்கத்தில் தொங்கிய கைத்துணி, மர அலமாரி, அதற்கு மேலே கூரைப் பலகை என்று நெருப்பு படிப்படியாக முன்னேறியது. சில்வண்டு போட்ட கத்தலில்தான் இவர் எழுந்தார். அன்றைக்கு உருப்படியாகச் செய்த ஒரே காரியம், சமையலறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு மனைவியையும் குழந்தையையும் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடியது.

தீயணைப்பு அதிகாரி நெருப்பை அணைத்துவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். "பழைய காலத்துப் பலகை. ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். சூட்டுல வெடிச்சு உதிர்ந்திருக்கு. சோதிச்சுப் பார்க்கிற வரைக்கும் யாரும் உள்ள போகாதீங்க, எதையும் தொடாதீங்க" என்று வாசலில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டிவிட்டுப் போனார்.

மூன்று பேரும் மச்சினன் வீட்டுக்குப் போனார்கள். மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, பஸ் ஓட்டுபவன், கல்யாணமாகாதவன். ஒரே படுக்கையறை. ஹாலில் புத்தம் புதுசாக ஒரு சோபா. அது அழுக்காகிவிடக் கூடாது என்று அவன் தரையில்தான் உட்காருவான்.

சோதனைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் காலையில் மனைவிக்குத் திடீரென்று புதுக் கவலை வந்தது.

"நாளைக்கு முன்னப்பின்ன தெரியாத ஒரு அம்மா வந்து வீட்டைப் பார்க்கப் போறாங்க. ஹால் முழுக்கக் கரி. வீடா வெச்சிருக்கான்னு என்னைத்தான் நினைப்பாங்க" என்று மூக்கை உறிஞ்சினாள்.

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. வீட்டைக் கொளுத்தியவர் அவர். தலைகுனிவு மட்டும் அவளுக்கா? அதோடு, பதினெட்டு வருஷமாக அடுத்தவர் பார்வையை அளந்தவருக்குக் கண்ணுக்குத் தெரியாத பொருள்மேல் பெரிய மரியாதை கிடையாது. சரியான கண்ணாடி போட்டால் எதுவும் தெரியும் என்பது அவர் கட்சி. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, டேப்புக்கு அடியில் குனிந்து உள்ளே போனார். துடைப்பம் இருக்கும் இடம் தெரியாமல் கால் மணி நேரம் தேடினார். கிடைத்ததும் ஆவேசம் வந்தவர் மாதிரி பெருக்கினார். கரும்புழுதி எழும்பி, ஹாலில் அவருக்கே அவர் தெரியவில்லை. பதினோரு தும்மல் போட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டதும் நிறுத்தினார்.

நேராக மச்சினன் வீட்டுக்குப் போய், செய்த நல்ல காரியத்தை மறுநாள் எல்லோரும் தாங்களாகப் பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று வாயை மூடிக்கொண்டு, அதே சட்டையோடு சோபாவில் சாய்ந்து சில்வண்டைத் தூக்கி மார்பில் போட்டுக்கொண்டார். அது காலர் பொத்தானை வாய்க்குள் வைத்துச் சப்பியபடியே தூங்கிப்போனது.

மறுநாள் சோதனைக்காரம்மா வந்தாள். குள்ளமான பெண். தலை முதல் கால் வரை மூடுகிற வெள்ளை உடுப்பைக் கையில் வைத்திருந்தாள். இரண்டு பக்கமும் வட்ட வடிகட்டி வைத்த மாஸ்க் கழுத்தில் தொங்கியது. எல்லோரையும் வெளிக் கதவுக்கு அந்தப் பக்கமே நிற்க வைத்துவிட்டுப் பேசினாள்.

"பலகை முழுசா இருக்கிற வரைக்கும் அது பாட்டுக்கு இருக்கும். உடைஞ்சா அதுல இருக்கிற நார் தூசியோட தூசியாப் பறக்கும். கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, மூச்சில போனாக்கூடத் தெரியாது. இருபது முப்பது வருஷம் கழிச்சு நுரையீரல்ல வேலையைக் காட்டலாம். அதனால முதல் விதி என்னன்னா, நனைக்காம எதையும் அசைக்கக் கூடாது. காய்ஞ்ச தூசியைப் பெருக்கவே கூடாது. அதைவிட மோசமான காரியம் இதுல இல்ல. யாராவது பெருக்கினீங்களா?"

"சேச்சே! நான் அந்தப் பக்கமே போகல. என்னைவிட்டா எங்க வீட்டுல பெருக்கிறதுக்கு வேற யாரு இருக்கா?" என்றாள் மனைவி, கொஞ்சம் பெருமையாகவே.

கண்ணாடிக்காரர் துடைப்பம் பிடித்த கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். தப்பிக்க அருமையான வழி. பதினோரு வருஷச் சோம்பேறித்தனம் முழுவதும் அவருக்குச் சாட்சி சொல்லத் தயாராக நின்றது. அவர் மனைவியின் இடுப்பைப் பார்த்தார். அங்கே சில்வண்டு இவரைப் பார்த்து ஈறு தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

"நான் பெருக்கினேன்" என்றார்.

மச்சினன் கடகடவென்று சிரித்துவிட்டான். "மாமா, காமெடி பண்ற இடமா இது?"

"நிஜமா மாப்ளே. நேத்து மத்தியானம்."

"அம்மா, நீங்க எழுதிக்காதீங்க" என்று மனைவி சோதனைக்காரம்மாவிடம் பதறினாள். "இவருக்குத் துடைப்பத்தை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது. தீ பிடிச்சதிலேருந்து எல்லாப் பழியையும் தன்மேலயே போட்டுக்கிறார், பாவம்."

"ஐயோ, பெருக்கினேங்கிறேன்! பதினோரு தும்மல் போட்டேன்!"

"தும்மலுக்கு யாரு சாட்சி?" என்றான் மச்சினன்.

தான் குற்றவாளி என்று நிரூபிக்க முடியாமல் ஒரு மனுஷன் நடுத்தெருவில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார். சோதனைக்காரம்மா உடுப்பையும் மாஸ்க்கையும் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு நிமிஷத்தில் வாசலுக்கு வந்து, மாஸ்க்குக்குள்ளிருந்து கிணற்றுக் குரலில் சொன்னாள்:

"ஹால் நடுவுல மட்டும் பெருக்கியிருக்கு. மூலை எல்லாம் அப்படியே இருக்கு. கதவுக்குப் பின்னால ஒரு குவியல். அள்ளல. பக்கத்துலயே துடைப்பம் கீழ கிடக்கு."

மனைவியின் முகம் மாறியது. "மூலையில பெருக்கலையா? குவிச்சுட்டு அள்ளலையா?" என்றாள். பிறகு மெதுவாக, "அப்ப இவரேதான்."

அடுத்த நொடி அவளுக்கு மற்றதும் உறைத்தது. "அந்தச் சட்டையோடவா பாப்பாவைத் தூக்கினீங்க? எத்தனை நேரம்?"

"தூங்குற வரைக்கும்" என்றார். மச்சினனும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

சோதனைக்காரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எவ்வளவு நேரம் பெருக்கினீர்கள், சமையலறைக்குள் போனீர்களா, சட்டை எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். சமையலறைக்குள் போகவில்லை, இடுப்பு அதற்கு முன்னாலேயே கைவிட்டுவிட்டது என்றார்.

"நல்ல இடுப்பு" என்றாள் அவள். "ஆனா தீயணைக்கிறவங்க பூட்ஸ் கால்ல அங்கேருந்து ஹாலுக்கு வந்திருக்கலாம். ஒரு நாள் தூசின்னா ஆபத்து பெரும்பாலும் ரொம்பக் கம்மிதான். கிடையவே கிடையாதுன்னு பார்க்காம சொல்ல மாட்டேன். அந்தக் குவியலை அள்ளாம விட்டீங்க பாருங்க, சோதிக்கிறதுக்கு அது போதும்."

அவள் கூரைப் பலகையில் தண்ணீர் பீய்ச்சி, நகக்கண் அளவு பெயர்த்து, ஒரு பைக்குள் இன்னொரு பையாகப் போட்டு ஒட்டினாள். பெயர்த்த இடத்தையும் டேப்பால் மூடினாள். குவியலில் கொஞ்சம், சமையலறைக் குழாயைச் சுற்றியிருந்த உறையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். பிறகு மச்சினன் வீட்டுக்கு வந்து, துணிக்கூடையில் கிடந்த சட்டையை உதறாமல் நனைத்துப் பையில் போட்டாள். கடைசியாக ஈரத் துணியால் சோபாவின் கையை ஒற்றி எடுத்தாள். மச்சினன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

ரிப்போர்ட் வர ஐந்து நாள் ஆகும் என்றாள்.

அந்த ஐந்து நாளும் கண்ணாடிக்காரர் குழந்தையைத் தொடவில்லை. தினமும் மூன்று தடவை குளித்தார். கடையில் யாரோ ஒருவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டி, "கடைசி வரி தெரியுதா?" என்று கேட்டார். "சின்னதா ஏதோ இருக்குற மாதிரி இருக்கு, என்னன்னு தெரியல" என்று வந்தவர் சொன்னதும் இவருக்கு வியர்த்துவிட்டது.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். சில்வண்டு அந்த வாரம்தான் வேகமாகத் தவழக் கற்றிருந்தது. கற்ற வித்தையை அப்பாவிடம்தான் காட்டுவேன் என்று அது துரத்த, இவர் பின்வாங்க, அந்தச் சின்ன வீட்டில் எவ்வளவு தூரம் ஓட முடியும்? நாற்காலிமேல் ஏறி நின்றுகொள்வார். அது கீழே நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு இவரை அண்ணாந்து பார்த்து வாதாடும்.

"மாமா, கரப்பான் பூச்சியைப் பார்த்து ஏறினவங்களைப் பார்த்திருக்கேன்" என்றான் மச்சினன். "சொந்தப் பொண்ணைப் பார்த்து ஏறின ஆளு நீங்க ஒருத்தர்தான்."

முதல் இரண்டு நாள் மனைவி பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தாள். மூன்றாம் நாள் இவர் மறுபடியும் துண்டை எடுத்ததும், "போதும், தோல் உரிஞ்சிடப் போகுது" என்று அதைப் பிடுங்கிக்கொண்டாள். "நீங்க எதுக்குப் பெருக்கினீங்கன்னு எனக்குத் தெரியாதா? இனிமே எனக்கு உதவி செய்யணும்னு தோணினா, முதல்ல என்னைக் கேளுங்க" என்றாள். கோபம்போலத்தான் சொன்னாள். கண் மட்டும் அப்படி இல்லை.

ஆறாம் நாள் காலை போன் அடித்தது. எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்கள். கண்ணாடிக்காரர் நாற்காலிமேல் இருந்தார்.

"கூரைப் பலகையில ஆஸ்பெஸ்டாஸ் இருக்கு" என்றாள் சோதனைக்காரம்மா. "சமையலறையைச் சீல் வெச்சு, அதுக்குன்னு பழகின ஆளுங்கதான் எடுக்கணும். ஆறு வாரம் ஆகலாம்."

"ஆறு வாரமா?" என்றான் மச்சினன், தரையிலிருந்து.

"குழாய் உறையில இல்ல. ஹால் குவியல்ல நார் எதுவும் கிடைக்கல. சட்டையிலயும் இல்ல. சோபாவுலயும் இல்ல."

"சட்டையை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

"சட்டையில எதுவும் கிடைக்கலங்க."

"காலர்ல?"

"காலர், பொத்தான் எல்லாம் தனியாப் பார்த்தாச்சு. எதுவும் இல்ல."

அவர் நாற்காலியிலிருந்து இறங்கினார். சில்வண்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். கையை நீட்டினார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

சில்வண்டு அசையவில்லை. நீட்டிய கையைச் சந்தேகமாகப் பார்த்தது. ஐந்து நாளாகத் துரத்தத் துரத்த ஓடிய அருமையான அப்பா இன்றைக்கு ஓடாமல் உட்கார்ந்திருக்கிறாரே, விளையாட்டு முடிந்துபோனதா என்று அதற்குத் தாங்கவில்லை. உதடு பிதுங்கியது. பிறகு வீட்டையே அதிர வைக்கும் கத்தல்.

"ஓடுங்க மாமா, ஓடுங்க!" என்று மச்சினன் காதைப் பொத்திக்கொண்டான்.

கண்ணாடிக்காரர் நான்கு காலில் திரும்பி, பிடித்த இடுப்போடு, சோபாவைச் சுற்றி ஓடினார். கத்தல் சட்டென்று நின்றது. பின்னால் பட் பட்டென்று சின்ன உள்ளங்கைகள் தரையில் அடித்துக்கொண்டு வந்தன. இரண்டாவது சுற்றில் அவர் வேகத்தைக் குறைத்தார். மூன்றாவது சுற்றில், அது வந்து காலுறையைப் பிடித்து இழுக்கும்வரை, மூச்சு வாங்குகிற மாதிரி நடித்துக்கொண்டு காத்திருந்தார்.