டோனட் தீர்ந்த தசை

டீன் லோவல் பெட்டிபோன் ஓர் அறைக்குள் வருகிறார் என்றால் முதலில் அவருடைய கழுத்துப்பட்டை நுழையும், அடுத்து நீட்டிய கை நுழையும், கடைசியில்தான் அவர். அப்படி அவர் எங்கள் தசை ஆய்வகத்துக்குள் வந்து சேர்ந்தபோது நான் தவளைகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். விஸ்கான்சினில் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தில் என் உத்தியோகமே அதுதான்.

"அருமையான ரூம்," என்றார் ஜன்னலைக் கண்ணால் அளந்தபடி. "என்ன வெளிச்சம்! தலைமைப் பண்பு மையத்துக்குன்னே கட்டின மாதிரி இருக்கு."

தலைமைப் பண்பு மையத்தில் என்ன நடக்கும் என்பது டீனுக்கே தெளிவில்லை. ஒரு மூலையில் கோல்ஃப் ஆடும் இயந்திரம் வரும் என்பது மட்டும் உறுதி.

தசைப் பாடம் நடத்தும் வெர்னா டோலெஃப்சன் என் நெடுநாள் சிநேகிதி. கையிலிருந்த தவளையைத் தொட்டியில் விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒரு பந்தயம் டீன். பழைய மாணவர்களெல்லாம் வர்ற ஹோம்கமிங் ஃபுட்பால் மேட்ச் இடைவேளையில ஒரு தசையை மைதானத்துல ஓட விடறேன். முழுக்க ஆளுங்களை வெச்சு. ஜனம் எழுந்து நின்னு கத்தினா ரூம் எனக்கு. உக்காந்து சாசேஜ் தின்னா உங்களுக்கு."

டீன் நெடுநேரம் யோசிப்பவர் போல மோவாயைத் தடவினார். பிறகு முக்கியமான கேள்வியைக் கேட்டார்.

"அதுல நான் எங்க நிப்பேன்?"

"நீங்கதான் டீன் சுவர். உங்களை நம்பித்தான் மொத்தக் கயிறும்."

டீனின் நெஞ்சு சட்டைப் பொத்தானை மிரட்டியது. ஆய்வகத்துச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். பந்தயம் முடியும்வரை அது அவரிடமே இருக்குமாம்.

தசையை உரித்துக்கொண்டே போனால் கட்டுக் கட்டாக நார் வரும். நாருக்குள் இழை, இழைக்குள் இன்னும் சன்னமான இழை. கயிறு திரித்தவனுக்குக் கை ஓயவேயில்லை போலிருக்கிறது. கடைசியில், ரயில்பெட்டிகள் மாதிரி கோத்து நிற்கும் குட்டி அறைகள். அதில் ஓர் அறையைத்தான் வெர்னா மைதானத்தில் விரித்தாள். இரண்டு முனையிலும் வாத்தியக் குழுவினர் சுவராக நின்றார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலிருந்தும் முடிச்சு முடிச்சாக ஒரு கயிறு நடுவை நோக்கிப் போகும், ஆனால் எதிர்ச்சுவரின் கயிற்றைத் தொடாது. நடுவில் சிவப்புச் சட்டையில் படகுப் போட்டிக்குப் போகும் துடுப்பணி, பாதிப் பேர் இந்தச் சுவரைப் பார்த்து, பாதிப் பேர் அந்தச் சுவரைப் பார்த்து. முடிச்சைப் பிடி, இழு, விடு, அடுத்த முடிச்சைப் பிடி. அவ்வளவுதான் தசை. கயிறும் சுருங்காது, ஆளும் சுருங்கமாட்டார். கயிறுகள் வழுக்கி உள்ளே வர வர, சுவர்கள் இரண்டும் சம்பந்திகள் போல நெருங்கி வரும்.

இதில் ஒரு விதி. இழுத்தவர் தானாகக் கையை விடக்கூடாது. ஓடிவருகிறவர் ஒரு டோனட்டை வாயில் வைத்தால்தான் விடலாம். டோனட்தான் ஏ.டி.பி, அதாவது தசைக்கு எரிபொருள்.

ஒத்திகையில் டீன் டோனட் பெட்டிகளின் கோபுரத்தைப் பார்த்துத் திகைத்தார்.

"இழுக்கறதுக்குச் சக்தி வேணும், ஒத்துக்கறேன். விடறதுக்கு எதுக்கு டோனட்? விடறதுன்னா ஓய்வு. ஓய்வுக்கு எந்த நிர்வாகமாவது செலவு பண்ணுமா?"

"விடறதுக்குத்தான் டீன் வேணும். பிடிச்ச கை சும்மா விடாது. செத்தவங்க உடம்பு ஏன் விறைச்சுப் போகுதுன்னு நினைக்கறீங்க? விடறதுக்கு ஏ.டி.பி இல்லாமதான்."

"செத்தவங்க பேச்சையெல்லாம் நன்கொடையாளர்கள் காதுல போடாதே வெர்னா."

பாதிப் பெட்டிகளை நன்கொடையாளர் கூடாரத்துக்கு அனுப்பச் சொன்னார். வெர்னா "சரி" என்றாள். அவள் அவ்வளவு சீக்கிரம் "சரி" சொல்லி நான் கேட்டதேயில்லை.

ஹோம்கமிங் அன்று ஊரே மைதானத்தில் இருந்தது. முதல் பாதியில் எங்கள் அணி அடி வாங்கியிருந்ததால் ஜனங்களுக்கு ஏதாவது நல்லது தேவைப்பட்டது. டீன் காலரில் மைக் மாட்டியிருந்தார். சுவருக்கு மைக் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. துடுப்பணித் தலைவி கென்சி அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டினாள், படகைக் கரையில் கட்டுகிற முடிச்சில்.

"நண்பர்களே! நான்தான் சுவர்!" என்று முழங்கினார் டீன்.

முரசு அதிர்ந்தது. அது நரம்பின் கட்டளை. ஓரத்துக் கூடாரங்கள் திறந்து, மஞ்சள் மழைக்கோட்டுப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு கொட்டினார்கள். அவர்கள் கால்சியம். கயிற்று முடிச்சுகளை மூடியிருந்த நீலத் துணியை ஒதுக்கினார்கள். முடிச்சு தெரிந்ததுதான் தாமதம், சிவப்புக் கைகள் பாய்ந்து பிடித்தன. இழு! டோனட்! விடு! பிடி! இழு! டோனட்! சர்க்கரைத் தூள் பனிபோலப் பறந்தது. டீன் ஒவ்வொரு இழுப்புக்கும் ஓர் அடி தத்தித் தத்தி முன்னால் வந்தார், கையசைத்துக்கொண்டே. எதிர்ச்சுவரில் பெருங்குழல் வாசிக்கும் டாக் நைகார்டும் ஊதிக்கொண்டே வந்தான். ஜனங்கள் எழுந்து நின்றார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன், அவரும் குதித்தார்.

அப்போது டோனட் தீர்ந்தது.

கடைசியாக இழுத்த கைகள் இழுத்தபடியே நின்றன. ஒருவரும் அசையவில்லை. கயிறுகள் விண்ணென்று இருந்தன. டீன் கயிறிழுக்கும் போட்டிக்காரர் போலப் பின்னால் சாய்ந்து நின்றார். எழுந்து நின்ற ஜனம் வாயை மூடியது. சிலர் உட்காரத் தொடங்கினார்கள். நான் ஆய்வகத்து மூலைக்கு வரப்போகும் கோல்ஃப் இயந்திரத்தை நினைத்துக்கொண்டேன்.

"என்ன ஆச்சு?" டீனின் கிசுகிசுப்பு ஒலிபெருக்கியிலெல்லாம் கேட்டது.

"விறைச்சிடுச்சு டீன்," என்றாள் வெர்னா.

"விடச் சொல்லு!"

"வாயில டோனட் வராம கை விடாது சார்," என்றாள் கென்சி பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் டீன் சொல்றேன்!"

"நீங்க சுவர் சார். சுவர் பேசக்கூடாது."

மைதானம் வெடித்தது. உட்கார்ந்தவர்கள் திரும்ப எழுந்தார்கள். டீன் முதுகுப்பக்கம் கைவிட்டு முடிச்சைத் துழாவினார். இறுகிய படகு முடிச்சு டீன் என்று பார்க்குமா?

"மஞ்சள் கோட்டுங்களா! நீங்களாவது உள்ள போங்க!"

"எங்களை ஒவ்வொருத்தரா பம்ப் பண்ணி அனுப்பணும் சார். அதுக்கும் டோனட்!"

"வரும்போது ஒண்ணும் கேக்கலியே!"

"வர்றது சும்மா வழிஞ்சு வர்றதுதானே! திரும்பப் போறதுதான் மேடு!"

நடுவர் விசிலோடு வந்தார். "இடைவேளை முடியப்போகுது. இவங்க நகரலேன்னா உங்க டீமுக்குப் பதினஞ்சு யார்டு பெனால்டி."

"டீன்! அந்த எழவைத் தொலைங்கய்யா!" என்று பயிற்சியாளர் தொப்பியைத் தரையில் அடித்தார்.

ஜனங்கள் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள். டோ-னட்! டோ-னட்! டாக் அதற்குக் குழல் ஊதினான். டீன் கண்ணை மூடினார். பிறகு, இத்தனை வருடத்தில் அவர் சொல்லி நான் கேட்ட முதல் உபயோகமான வாக்கியத்தைச் சொன்னார்.

"நன்கொடையாளர் கூடாரத்துலேருந்து டோனட்டைக் கொண்டாங்க! விடறதுக்கும் வேணுமாம்!"

கூடாரத்திலிருந்து கம்பளிக்கோட்டுக் கனவான்களும் முத்துமாலைச் சீமாட்டிகளும் ஆளுக்கொரு பெட்டியோடு ஓடிவந்தார்கள். ஒரு சீமாட்டி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். வாய் வாயாக டோனட் விழ, கை கையாக விட்டது. மஞ்சள் கோட்டுகள் தின்றுகொண்டே கூடாரத்துக்குள் போனார்கள். நீலத் துணி முடிச்சுகளை மூடியது. அதுவரை பின்னால் சாய்ந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்த டீன், கயிறு தொய்ந்ததும் பொத்தென்று புல்லில் உட்கார்ந்தார். தசை தளர்ந்துவிட்டது. அப்போது எழுந்த சத்தம் ஆற்றுக்கு அக்கரையில் கேட்டிருக்கும்.

பெனால்டி விழுந்தது. மேட்சும் தோற்றோம். பயிற்சியாளரைத் தவிர ஒருவரும் கவலைப்படவில்லை.

திங்கட்கிழமை கழுத்துப்பட்டை, கை, டீன் என்ற வரிசையில் ஆய்வகத்துக்கு வந்தார்கள்.

"எல்லாம் நான் நினைச்ச மாதிரியே நடந்துச்சு, பாத்தியா?" என்றார். "டோனட்டைக் குறைச்சதே அதுக்குத்தான். அடுத்த மாசம் ஒரு சொற்பொழிவு வெச்சிருக்கேன். 'விடுவதே தலைமை'. சொன்ன சொல்லு சொன்னதுதான் வெர்னா, ரூம் உனக்குத்தான். கொள்கையளவில."

"சாவி?" வெர்னா கையை நீட்டினாள்.

"தாராளமா," என்றார் டீன். சாவி அவர் பிடிக்குள் இருந்தது. பிடி திறக்கவில்லை. அவர் வெளிச்சம் கொட்டும் அந்த ஜன்னலைப் பார்த்தபடி நின்றார்.

வெர்னா மேசையிலிருந்த பெட்டியைத் திறந்து, சர்க்கரை தூவிய ஒரு டோனட்டை எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனாள்.

டீன் கடித்தார். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

நான் திரும்பிக்கொண்டு தவளைகளுக்குத் தண்ணீர் மாற்றினேன். சிரிப்பை அடக்கவும் ஏகப்பட்ட தசை வேண்டியிருக்கிறது.