அசலுக்குப் பக்கத்தில்

ஏழாவது பட்டையிலும் அண்ணி தெளித்துவிட்டாள். கடைக்கு வருகிறவர்கள் சென்ட்டை முகர்ந்து பார்ப்பதற்காக வைத்திருக்கும் ஒல்லியான காகிதப் பட்டைகள் அவை. ஒவ்வொன்றின் நுனியிலும் பேனாவால் எண் போட்டு அண்ணி கைப்பைக்குள் செருகுவதைக் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். "கடைக்கு மட்டும் வந்துடாதீங்க அண்ணி" என்று காலையில்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அண்ணியும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு 'நீ பேசி முடி' என்பதைத் தவிர வேறு அர்த்தமில்லை என்பது எட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவளுக்கு உறைக்கவில்லை.

தையல் வேலை நின்றுபோன பிறகு அண்ணி பிடித்துக்கொண்ட பிழைப்பு இது. தீவு, கடற்கரை, சூரியன் என்று படம் போட்டுப் பெரிய கம்பெனிகள் விற்கும் வாசனைகளை, அன்னாசியும் தேங்காயும் மாம்பழமுமாக வீட்டிலேயே கலந்து, சின்னக் குப்பிகளில் அடைத்து மலிவாக விற்றாள். சமையல் மேடையில் பாதி இடம் குப்பிகளுக்குப் போய்விட்டது. ஃப்ரிட்ஜைத் திறந்தால் அன்னாசி வாசனை. குடிக்கிற தண்ணீரில் தேங்காய். லிஃப்ட் பழுதுபார்க்கப் போகும் அண்ணனுக்கு, உடன் வேலை செய்கிறவர்கள் 'மாம்பழம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவனும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்பது மணி நேரம் வாசனைக்குள் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணியின் மணிக்கட்டு மூக்கருகே நீளும். "அசலுக்குப் பக்கத்துல வந்துடுச்சா பாரு." அவளும் இனிப்பு தூக்கலாக இருக்கிறது என்பாள், அடியில் கொஞ்சம் மர வாசனை வேண்டும் என்பாள், விட்டால் போதும் என்று எரிச்சலில் சொல்வதுதான். அண்ணி அதை அப்படியே செய்துவிடுவாள். குப்பிகளும் விற்றுத் தீரும். கடையில் யாருக்காவது தெரிந்தால் அன்றோடு வேலைக்குச் சீட்டுக் கிழியும்.

இப்போது அண்ணியின் பக்கத்தில் ஒரு பெண், கையில் எடுத்த பாட்டிலின் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். அண்ணி அந்தப் பெண் பக்கம் சாய்ந்தாள்.

"இதுல பாதி விலை கண்ணாடிக்குத்தாம்மா. இதே மாதிரி என்கிட்ட இருக்கு, நம்பர் தரட்டுமா?"

மேற்பார்வையாளர் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. அண்ணியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கவுன்ட்டருக்குப் பின்னால் நின்ற அவளிடம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"தெரியாது சார்."

யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது. அண்ணி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு, முன்பின் பார்த்திராத ஒருத்தியின் முகத்தை வரவழைத்துக்கொண்டு, "சும்மா பாக்க வந்தேன் சார்" என்று நகர்ந்தாள். வாசலில் காவலாளி அண்ணியின் பையைத் திறக்கச் சொன்னான். மேசைமேல் சீப்பு, மாத்திரை அட்டை, கைக்குட்டை, காகிதப் பட்டைகள் எல்லாம் பரப்பப்பட்டன. பட்டைகளை மட்டும் அவன் குப்பைக்கூடையில் போட்டான். அண்ணி குனிந்து மற்றதைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளும்வரை, கவுன்ட்டரில் அவள் துடைத்த பாட்டிலையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் வரும் வழி முழுக்கச் சண்டைக்கான வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே வந்தாள். யார் உங்களை வரச் சொன்னது? என் சோத்துல மண்ணைப் போடவா? ஆனால் கதவைத் திறந்த அண்ணி தட்டை எடுத்து வைத்தாள். சாப்பாடு போட்டாள். மேடையருகே போய்ச் சொட்டுக்குழாயால் எதையோ கலந்தாள். மணிக்கட்டில் தடவித் தானே முகர்ந்தாள்; அண்ணனிடம் நீட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றான் அவன். எதைக் கொடுத்தாலும் அதையே சொல்கிறவன்.

அவளிடம் கை நீளவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஏதாவது திட்டித் தொலைங்க அண்ணி."

"எதுக்குத் திட்டணும்? தெரியும்னு சொல்லியிருந்தா உன் வேலை போயிருக்கும்."

"அது தெரியுதுல்ல. அப்புறம் ஏன் வந்தீங்க?"

அண்ணி குப்பியின் மூடியைத் திருகினாள். "நீ தினமும் அலுத்துக்கிட்டே மோந்து பாக்குற. உன்னை எத்தனை நாள் தொந்தரவு பண்றது? அசலையே பட்டையில கொண்டுவந்து வெச்சுக்கிட்டா நானே ஒத்துப் பாத்துக்கலாம்னு நினைச்சேன்."

அடுக்கி வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. இந்த மனுஷியிடம் நிம்மதியாகக் கோபப்படக்கூட வழியில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். எச்சில் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மூக்கருகே கொண்டுபோனாள். வாசனையில் கலக்கும் ஸ்பிரிட் பட்டுப் பட்டு அந்த இடம் சிவந்து தோலுரிந்திருந்தது. ஆழமாக மூச்சை இழுத்தாள். கண் கலங்கியதில் மூக்கு அடைத்திருந்தது, அன்னாசியும் இல்லை, தேங்காயும் இல்லை. கையை விடாமல் இன்னொரு முறை இழுத்தாள். அண்ணி மறு கையில் சொட்டுக்குழாயைத் தூக்கிப் பிடித்தபடி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.