வாசற்படிக் கோடு

சவப்பெட்டி வந்து தெருவில் இறங்கிவிட்டது. தூக்குகிறவர்கள் வெளியே நின்றார்கள். உள்ளே, சாத்திய கதவுக்குப் பின்னால், ஹில்டா தன் புருஷன் கஸ்பாருடைய சட்டையின் கழுத்துப் பொத்தானை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். கல்யாணத்துக்குத் தைத்த சட்டை. மெலிந்துபோன உடம்பு அதற்குள் எங்கேயோ இருந்தது.

"கையில திரி எரிஞ்சிகினு இருக்கசொல்ல தானே உசுரு போச்சு?" கஸ்பாரின் அக்கா சிலுவையம்மாள் மறுபடியும் கேட்டாள்.

ஹில்டா பொத்தானை மறுபடி கழற்றினாள். கோயிலில் மந்திரித்து வாங்கிய மெழுகுதிரி ஒன்று அந்தத் தெருவில் எல்லா டிரங்குப் பெட்டியிலும் கிடக்கும். சாகிறவர் கையில் அது எரிய வேண்டும். எரியாவிட்டால் ஆத்துமா இருட்டில் தட்டுத் தடுமாறிக்கொண்டு போகும் என்பது சிலுவையம்மாளின் கட்சி. சாமியாரே வந்து மறுத்தாலும் அவள் கேட்கிற ஆளில்லை.

கஸ்பார் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். நுரையீரலில் புற்று என்று அறுபத்தொன்பதாம் வருஷம் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு, மிச்சப் புற்றைக் கதிரால் கருக்கக் கரண்டு வைத்து அனுப்பினார்கள். படுத்தே கிடந்தால் மூச்சு தேறாது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் எல்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். காலையில் கடற்கரை வரை நடக்க வேண்டும். வந்ததும் எதிரே மெழுகுதிரி ஏற்றிவைத்து ஊத வேண்டும். முதலில் சுடர் சாயும். அணைந்துவிட்டால் திரியைச் சற்றுத் தள்ளி வைக்கலாம்.

கஸ்பார் அந்தச் சின்ன முன்னறையின் சிவப்புத் தரையில், தான் உட்காரும் சுவரோரத்திலிருந்து சாக்பீஸால் கோடு கோடாகப் போட்டார். கடைசிக் கோடு வாசற்படியருகில்.

"அத்த மட்டும் அணைச்சிட்டேன்னு வெய்யி, மறாநாளே வின்ச்சுல குந்திக்கினு இருப்பேன்" என்பார்.

வீம்பு பிடித்த மனுஷன். ஆனால் உடம்பு தேறத்தான் செய்தது. வஞ்சிர மீன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், தெருவில் வம்பளந்தார். ஹில்டாவும் நம்பிவிட்டாள், பாவம்.

இன்று காலை சாதா திரி தீர்ந்துபோயிருந்தது. கடை திறக்கவில்லை. அவரோ பறந்தார். நல்ல காரியத்துக்குத்தானே என்று மந்திரித்த திரியை எடுத்து ஏற்றிக் கடைசிக் கோட்டில் வைத்தாள். ஊதினார். சுடர் சாய்ந்து நிமிர்ந்தது. திரும்பத் திரும்ப ஊதிப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்து, மெழுகு வீணாகிறதே என்று அவளே ஊதி அணைத்துவிட்டுக் காபி போடப் போனாள். டம்ளரோடு திரும்பியபோது ஆள் போயாகிவிட்டது.

அணைத்தபோது உயிர் இருந்ததா? கையில் எரிய வேண்டியதைத் தன் வாயாலேயே ஊதிவிட்டோமே. யாரிடம் சொல்ல முடியும்?

சிலுவையம்மாள் அந்தத் திரியைத் தேடியெடுத்துத் தலைமாட்டின் வலப்பக்கம் ஏற்றினாள். இடப்பக்கத்தில் எரிந்த திரி அசையவே இல்லை. ஈக்களுக்குப் பயந்து சன்னலையும் சாத்தியிருந்தார்கள். மந்திரித்த திரியின் சுடர் மட்டும் கஸ்பாரின் முகத்தை விட்டு மெல்ல விலகிச் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்து அணைந்தது.

சிலுவையம்மாள் ஏற்றினாள். அணைந்தது. அவள் கையிலிருந்த ஜெபமாலை நின்றுவிட்டது.

"காத்தே இல்லியேடி" என்றாள்.

ஹில்டா எழுந்தாள். திரியை ஏற்றி முதல் கோட்டில் வைத்தாள். அணைந்தது. அடுத்த கோட்டில் வைத்தாள். சிலுவையம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டாள். ஹில்டாவுக்குப் பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. கோடு கோடாக நகர்த்திக் கடைசியில் வாசற்படிக் கோட்டுக்குக் கொண்டுபோனாள். ஏற்றி வைத்துவிட்டுத் திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவசரம் வாணாம். இழுத்து வுடுய்யா" என்றாள், தினமும் சொல்வதுபோல.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு சுடர் கதவுப் பக்கம் சாய்ந்தது. நிமிரப் பார்த்தது. அப்படியே படுத்து அணைந்தது.

சிலுவையம்மாள் தீப்பெட்டிக்குக் கை நீட்டினாள். ஹில்டா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும் அண்ணி. கதவத் தொறந்து தூக்கச் சொல்லுங்க."

குனிந்து அவர் கழுத்துப் பொத்தானை மாட்டினாள்.