எண்பது டன்

தகடு வெட்டும் எண்பது டன் பிரஸ் இறங்கும்போதெல்லாம் கிதானியின் குதிகாலில் ஏறும் அதிர்வு பல் வரைக்கும் போய்த்தான் நின்றது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் மேஜை இழுப்பறைக்கான தாங்கி ஒன்று தகட்டிலிருந்து வெட்டுப்பட்டு, எண்ணெய் மினுக்கோடு தகரத் தொட்டியில் விழுந்தது. அவன் தகட்டைத் தள்ளினான், இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அமுக்கினான், மறுபடி தகட்டைத் தள்ளினான். அந்த வரிசையில் இன்னும் ஐந்து பிரஸ்கள். ஒன்று ஓய்ந்த இடத்தில் இன்னொன்று தொடங்கும்.

சுவரில் ‘காதுப் பாதுகாப்பு கட்டாயம்’ என்று மஞ்சள் பலகை. அதன் கீழே காதடைப்பான் வைக்க ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதில் ஃபோர்மேன் ஒகுரா தன் இருமல் மிட்டாய்களைப் போட்டுவைத்திருந்தார். வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவனுக்கும் அவர் சொல்லும் முதல் பாடம் ஒன்றுதான்.

“தகட்டை வெட்டுற டை அச்சு ஓரத்துல பிசிறு விழுந்தா மொதல்ல சத்தம்தான்யா மாறும். காதை அடைச்சுக்கிட்டு நின்னா, தொட்டி நெறைய குப்பை விழுந்த அப்புறம்தான் தெரியும். எடு வெளிய.”

கிதானியும் அப்படித்தான் எடுத்தான். அப்போது அவன் தலைமுடி முழுக்கக் கறுப்பு.

இந்த வருஷம் வசந்த காலத்தில் பட்டறை வாசலுக்கு மருத்துவப் பரிசோதனை வண்டி வந்தது. காதுச் சோதனைக்காக அவனைச் சின்னக் கூண்டுக்குள் உட்காரவைத்து, கையில் பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்கச் சொன்னார்கள். அவன் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தான். எப்போது ஆரம்பிப்பார்களோ என்று இருந்தது. நர்ஸ் கதவைத் திறந்து, “முடிஞ்சுது, எழுந்திருங்க,” என்றாள்.

ஊர்க் காது மருத்துவர் பேனாவைக் கீழே வைக்காமலே சொன்னார்: “ரொம்ப வருஷம் பெரிய சத்தத்துல நின்ன காது. போனது திரும்பாது. இருக்கறதையாவது காப்பாத்தணும்னா கம்பெனிகிட்ட பேசுங்க.”

கிதானி மாடியேறி நிர்வாகப் பிரிவு செகினேயிடம் பேசினான். கேட்டது இரண்டே விஷயம். காது போனது இந்த வேலையில்தான் என்று கம்பெனி எழுதி முத்திரை குத்த வேண்டும். சத்தமில்லாத பொட்டலப் பிரிவுக்கு அவனை மாற்ற வேண்டும். பிரஸ்ஸை விட்டு விலகினால்தான் தொழிலாளர் அலுவலகத்தில் அவன் நஷ்ட ஈட்டு மனு நகரும். மனு நகர்ந்தால்தான் காதுக்கருவி.

“அதுக்கென்ன கிதானி சான், நல்லா யோசிச்சுச் சொல்றோம்,” என்று செகினே வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

ஒசாக்காவில் ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்றால் ‘கடையைச் சாத்திக்கோ’ என்று அர்த்தம். மீன் விற்பவளிலிருந்து வீட்டுத் தரகன்வரை எல்லோருக்கும் தெரிந்த பாஷை. கிதானிக்கும் தெரியும். ஆனாலும் நம்ப வேண்டியவன் நம்பித்தானே ஆக வேண்டும்.

*

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கிதானிக்கு வேறு பெயர். ரயில் பாலத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தின் நிலவறையில் ருரிகோ நடத்துகிற, இரைச்சலையே இசையாக வாசிக்கும் ‘கிணறு’ என்ற இசைக்கூடத்தில் அவன் பெயர் ‘எண்பது டன்’. இரும்புத் தகட்டில் ஒட்டுமைக்குகளை ஒட்டி, அதன் மேல் சங்கிலியை உரசி இழுப்பான். கூடவே பழைய டேப் கருவி ஒன்றில் பதிந்துவைத்த ஓசையை ஓடவிடுவான். அந்தப் பதிவு பட்டறையில் எடுத்தது. மதியச் சாப்பாட்டு டப்பாவைச் சுற்றும் துணிக்குள் சின்னப் பதிவுக்கருவியை முடிந்து, பிரஸ்ஸின் காலடியில் வைத்து எடுத்தான்.

கூட்டம் என்று பெரிதாக ஒன்றும் வராது. தூசி உறிஞ்சும் இயந்திரத்தை ஊளையிட வைக்கிறவர் ஒருவர், சைக்கிள் சக்கரத்தில் வயலின் வில் இழுக்கும் பள்ளி ஆசிரியை ஒருத்தி. இப்படி வாசிக்கிறவர்களேதான் கேட்கிறவர்களும். சந்தையில் எல்லாருமே கடை விரித்து, ஒருவன் கத்தரிக்காயை இன்னொருவன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வியாபாரம்.

ஆனால் விளம்பரத்துக்கு மட்டும் குறைச்சலில்லை. மற்ற வியாபாரிகள் எல்லாம் தங்கள் சரக்கு உடம்புக்கு நல்லது என்று கூவுவார்கள்; இவர்கள் விஷம் என்று கூவுவார்கள். ‘உங்கள் காதுக்கு நாங்கள் பொறுப்பல்ல’, ‘போகும்போது ரத்தம் துடைத்துக்கொள்ளவும்’ என்று ருரிகோ சிவப்பு மையில் நோட்டீஸ் அடிப்பாள். அப்படி அடிக்காவிட்டால் இந்த உலகத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள். நடப்பு வேறு. மேல்மாடியில் ஒரு ‘கோ’ ஆட்ட மன்றம். பலகையில் கறுப்பு வெள்ளைக் காய் வைத்து ஆடும் கிழவர்கள் துடைப்பக்கட்டையால் தரையை இரண்டு தட்டு தட்டினால் ருரிகோ ஓடிப்போய் ஒலியைக் குறைத்துவிடுவாள். வாசலில் ஒரு மீன் டப்பா நிறைய ஆரஞ்சு நிறக் காதடைப்பான்கள் இலவசம். வாசிக்கிறவர்களே முதலில் ஆளுக்கு இரண்டு எடுத்துச் செருகிக்கொள்வார்கள். பாவப்பட்ட காதுதானே அவர்கள் பிழைப்பு.

வாசலில் வருகிறவர்களிடம் ருரிகோ ஒரு கேள்வி கேட்பாள்: “இன்னைக்கு யாரைக் கேக்க வந்தீங்க?” இந்த மாதிரி எல்லா நிலவறைகளிலும் கேட்கிற கேள்விதான். சொல்கிற பெயருக்கு ஒரு கோடு விழும். கிதானிக்குக் கடைசியாகக் கோடு விழுந்தது போன வருஷம். அந்த ஆளும் கழிப்பறை தேடி வந்தவர் என்று அப்புறம் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ருரிகோ தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“டேய் கிதானி! உன்னைக் கேக்க ஒரு ஆள் வந்திருக்காருடா!”

“என்னையா? கடன்காரனா இருக்கும் அக்கா.”

“கடன்காரன் எங்கடா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு வருவான்? ‘எண்பது டன்’னு தெளிவாச் சொன்னாரு. கட்டணத்துல ஒரு பேச்சுப் பேசல, எடுத்து நீட்டிட்டாரு. போ, போய்த் தலைவாரிக்கோ.”

கிதானி நிஜமாகவே போய்த் தலைவாரிக்கொண்டான்.

வந்தவர் பெயர் யோகோமிச்சி. முப்பது வயதிருக்கும். சாம்பல் நிற மேலங்கியைக் கழற்றாமல் ஒலிபெருக்கியின் வாய்க்கு எதிரே போய் நின்றார், காதில் அடைப்பானோடு. கைபேசியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தார். படம் எடுக்கிறார் என்று கிதானி நினைத்தான். யாரும் அவனைப் படம் எடுத்ததில்லை. சங்கிலியைப் பிடித்த கை வழக்கத்தைவிட வேகமாக ஓடியது. மேலே துடைப்பக்கட்டை இரண்டு தரம் தட்டியது. ருரிகோ அண்ணாந்து பார்த்து, கும்பிடு போட்டு, இந்த ஒரு தடவை ஒலியைக் குறைக்காமல் விட்டாள்.

அடுத்து ஆசிரியை வாசித்தாள். வில் சக்கரக் கம்பியில் போவதும் வருவதும் கிதானிக்குத் தெரிந்தது. சுற்றிலும் எல்லோரும் கண்மூடி நின்றார்கள். அவனும் மூடிக்கொண்டான். ஒன்றும் கேட்கவில்லை. முடிந்ததும், “இன்னைக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு டீச்சர்,” என்றான்.

யோகோமிச்சி அவனைத் தேடிவந்து குனிந்து வணங்கினார். “கேசட் ஏதாவது இருக்குங்களா?”

“இருக்கே! காசெல்லாம் வேணாம், வெச்சுக்கோங்க.”

“கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா பெருமையா இருக்கும். ஒரு வரி எழுதுங்களேன். இந்தச் சத்தத்துக்காக நீங்க எதை இழந்தீங்கன்னு, அந்த மாதிரி.”

கிதானி ருரிகோவைப் பார்த்தான். அவள் கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து, “எழுதுடா, எழுதுடா, பெரிய ஆளு ஆயிட்டே!” என்று சிரித்தாள். அவன் தடித்த பேனாவால், கேசட் உறையில், நோட்டீஸ் பாஷையிலேயே எழுதினான்: ‘என் இரண்டு காதையும் இந்த இசைக்கே கொடுத்தேன். எண்பது டன்.’

“உங்க சொந்தப் பேரையும் போட்டுடுங்களேன். வீட்டுல பத்திரமா வெச்சுக்குவேன்.”

சொந்தப் பெயரையும் போட்டான். குடும்பப் பெயர், தன் பெயர், இரண்டும்.

*

ஒன்பது நாள் கழித்துச் செகினே மாடிக்குக் கூப்பிட்டனுப்பினார். பச்சைத் தேநீர் வந்தது. செகினேக்குப் பக்கத்தில் சாம்பல் மேலங்கி உட்கார்ந்திருந்தது. கிதானிக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது; ரசிகர் இங்கேயும் வந்துவிட்டாரே என்று பாதி எழுந்து வணங்கினான். அப்புறம்தான் மேஜையில் கேசட்டைப் பார்த்தான்.

“நீங்க கலைஞர்னு சொல்லவே இல்லையே கிதானி சான்!” என்றார் செகினே. “இவரு நம்ம தொழிலாளர் சட்ட ஆலோசகர் ஆபீஸ்லேர்ந்து வர்றாரு. தெரியும்ல?”

யோகோமிச்சி தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

“ம்? கேக்கல.”

“நூத்திப் பன்னெண்டு டெசிபல்,” என்று செகினே அவருக்காகச் சத்தமாகச் சொன்னார். “அந்த நெலவறைல. ஒலிபெருக்கி முன்னாடி அளந்திருக்காரு. அதுல போய் ஒரு மனுஷன் வாரா வாரம் நின்னா காது என்னத்துக்கு ஆகும்?”

“நான் ஒலிபெருக்கிக்குப் பின்னாடி நிக்கிறவன். காதுல அடைப்பு வெச்சுப்பேன். இவரே வெச்சிருந்தாரே!”

“பட்டறையையும் அளந்தோம். எண்பத்திமூணுதான் வந்துச்சு.”

“எப்ப அளந்தீங்க?”

செகினே பக்கத்திலிருந்த யோகோமிச்சியைப் பார்த்தார். “டை மாத்தினாங்கல்ல, போன செவ்வாய்க்கிழமை.”

“டை மாத்தினா என் பிரஸ் நிக்குமே சார்.”

“மத்த மெஷினெல்லாம் ஓடிச்சுன்னு வையுங்க. அதை விடுங்க, இது உங்க கையெழுத்துதானே?” செகினே கேசட்டை ஒரு விரலால் அவன் பக்கம் தள்ளினார். “ரெண்டு காதையும் எதுக்குக் குடுத்தீங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நாங்க வேற மாதிரி எழுதினா அது பொய்யில்லையா?”

“அது சும்மா எழுதறது சார். எங்காளுங்க எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம்.”

“சும்மா சொந்தப் பேரைப் போடுவாங்களா?”

கிதானி தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே பிரஸ் இறங்கும்போதெல்லாம் கோப்பையில் வளையம் எழுந்து அடங்கியது.

“இதைப் போட்டுக் கேட்டீங்களா?” என்றான்.

“எதை?”

“கேசட்டை. அதுல இருக்கறது வேற ஒண்ணுமில்ல, உங்க பிரஸ்ஸுதான். கீழ ஓடுதே, அதே எண்பது டன். இந்தச் சத்தம்தான் என் காதைக் கெடுத்துச்சுன்னா கெடுத்தது உங்க மெஷினு. போட்டுக் கேளுங்க சார். யாரை வேணும்னாலும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுங்க.”

கிதானி, பேரத்தில் கடைசித் துருப்பை இறக்கியவன் எதிராளியின் கையைப் பார்ப்பதுபோல, செகினேயின் கையைப் பார்த்தான். அது அசையவில்லை. யோகோமிச்சிதான் முன்னால் சாய்ந்து, இந்த முறை அவனுக்குக் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னார்.

“அப்படின்னா வேலை எடத்துல அனுமதி இல்லாம பதிவு பண்ணியிருக்கீங்க. அதை வெளிய குடுத்தும் இருக்கீங்க. வேலையை விட்டே அனுப்பற அளவுக்கு விஷயம் இது.”

“சேச்சே, அதெல்லாம் வேணாம்,” என்று செகினே கையை ஆட்டினார். முகத்தில் சிரிப்பு திரும்பிவந்தது. “இத்தனை வருஷமா நம்ம கூட இருக்கிறவரு. இந்தத் தடவை கண்டுக்காம விட்டுடறோம் கிதானி சான். நீங்களும் அந்த மனுவைக் கண்டுக்காம விட்டுடுங்க. காது வேலையால போகலைன்னா பொட்டலத்துக்கு மாறவேண்டிய அவசியமும் இல்ல பாருங்க. பழைய எடத்துலயே இருங்க.”

கிதானி எழுந்தான். பழக்கத்தில் இடுப்பு தானாக வளைந்தது. “நன்றி,” என்றான். கேசட்டை எடுக்கக் கைநீட்டினான். செகினே அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

*

“பேரம் பேசாமக் காசு குடுத்தான் பாரு, அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்!” ருரிகோ கவுன்ட்டரைத் துணியால் அறைந்தாள். “உன் கம்பெனிக்கு நான் வர்றேன்டா. மேல இருக்கற கெழங்களையும் இழுத்துக்கிட்டு வர்றேன். எவ்வளவு மெதுவா வாசிக்கிறோம்னு அதுங்க வாயாலயே சொல்லும்.”

“உங்க நோட்டீஸ்ல என்ன போட்டிருக்கு அக்கா?”

அவன் பின்னால் சுவரில் சிவப்பு மை பளபளத்தது. ருரிகோ அதைப் பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை. மீன் டப்பாவுக்குள் கைவிட்டு, அள்ளினது அத்தனையையும் அவன் மேலங்கிப் பையில் திணித்தாள்.

“இதையாவது போட்டுக்கிட்டு நில்லுடா. நாளையிலேர்ந்து. எவன் என்ன சொன்னாலும் எடுக்காத.”

மறுநாள் காலை கிதானி இரண்டு அடைப்பான்களை உருட்டிச் செருகிக்கொண்டு பிரஸ்ஸை ஓடவிட்டான். தகட்டைத் தள்ளினான், பொத்தான்களை அமுக்கினான். உலகம் போர்வைக்குள் போனதுபோல் இருந்தது. அதிர்வு மட்டும் குதிகாலில் ஏறியது. தொட்டி கால்வாசி நிரம்பியிருக்கும். யாரோ தோளைத் தட்டினார்கள்.

ஒகுரா. அவர் வாய் அசைந்தது. கிதானிக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர் தன் காதில் ஒரு விரலை விட்டு, வெளியே எடுத்து, மஞ்சள் பலகையின் கீழிருந்த பெட்டியைக் காட்டினார்.

கிதானி காதிலிருந்து ஒன்றை எடுத்தான். இன்னொன்றையும் எடுத்தான்.

“டை சத்தம் கேக்க வேணாமாய்யா உனக்கு?” என்று ஒகுரா அவன் காதருகே கத்திவிட்டுப் போனார்.

பெட்டியில், இருமல் மிட்டாய்களுக்கு நடுவே, இரண்டு ஆரஞ்சுத் துண்டுகள் கிடந்தன. பிரஸ் இறங்கியது. அவையும் மிட்டாய்களும் சேர்ந்து குதித்தன. மறுபடி இறங்கியது. மறுபடி குதித்தன.